இரண்டு அடையாளம் போதாது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் நான்கு பேர் கை தூக்கினார்கள். தூக்கியிருக்கக் கூடாது. அதிலிருந்து வந்தது.

இப்படியெல்லாம் கதையைத் தொடங்கமாட்டார்கள் என்று தெரியும். வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன்.

'அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது வெளியே மழை' — மழை பெய்யவே இல்லை. அடித்துவிட்டேன்.

'பயம் என்பது ஒரு' — என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன். அடித்துவிட்டேன்.

'அண்ணன் மீன் தொட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டான்.' — இது உண்மை. ஆனால் இதையே முதல் வரியாக வைத்தால், கொடுத்தால் கொடுக்கட்டுமே, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்பீர்கள். அவன் தங்கை அதைக் கேட்டவுடன் பயந்தாள். அவள் பார்க்கிற வேலை அப்படி. அதனால் வேலையிலிருந்து வருகிறேன்.

2

நாலாவது மாடியில் ஒரே அறை. நான்கு மேசை, நான்கு திரை, ஜன்னல் ஓரம் குடிதண்ணீர் இயந்திரம். படமோ தொடரோ நாவலோ, அது எந்த மாதிரிக் கதை என்று சொல்கிற ஓர் இணையதளத்தின் அலுவலகம் அது. 'இந்த நாவலில் இன்ன வழக்கம் இருக்கிறது' என்று வாசகர்கள் எழுதிப் போடுவார்கள். உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை ஆசைப்பட்டு இழுத்துப் பொருத்தியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

ஒவ்வொரு வழக்கத்துக்கும் ஒரு பெயர் உண்டு. 'திறக்காதே என்று சொன்ன கதவு.' 'நாளை ஓய்வு பெறப்போகும் காவலர்.' 'இருமல்': அதாவது, முதல் பாதியில் இருமுகிறவர் இரண்டாம் பாதியில் இருக்கமாட்டார். (அறையில் யாராவது இருமினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்போம். "தூசிப்பா, வெறும் தூசி" என்று இருமினவர் கையை ஆட்டுவார். — 'பார்ப்போம்' என்று எழுதிவிட்டேனா? இருக்கட்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.)

மேலாளருக்கு அறையில் 'ஆதாரம்' என்று பெயர். எதைச் சொன்னாலும் "ஆதாரம் எங்க?" என்பார். அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. ஒரு வழக்கத்துக்கு மூன்று அடையாளம் எழுதியிருந்தால் மூன்றும் வேண்டும். இரண்டு இருந்தால் 'பொருந்தாது'. பாதி பொருந்தும், ஏறக்குறைய பொருந்தும் என்ற பேச்சே கிடையாது. நல்ல சட்டம்தான். அது இல்லாவிட்டால் உலகத்தில் உள்ள எல்லாக் கதையும் எல்லா வழக்கத்திலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தங்கையின் பொறுப்பில் இருந்த பக்கம் 'சொல்லாமல் விடைபெறுகிறவர்'. தன் உயிரை முடித்துக்கொள்ளத் தீர்மானித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நடமாடும் பாத்திரம். அடையாளம் மூன்று. பேச்சுவார்த்தை இல்லாதவரிடம் தானாகப் போய்ச் சமாதானம் ஆவது. உயிராக வைத்திருந்த பொருளைத் தூக்கிக் கொடுப்பது. காரணமே இல்லாமல் ஒருநாள் சந்தோஷமாகிவிடுவது. ஐந்து வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு கதைகளை அவள் அந்தப் பக்கத்தில் சேர்த்திருந்தாள். அதைவிட அதிகமாகத் தள்ளியிருந்தாள்.

3

அண்ணன் ஊரில் இருக்கிறான். அவள் இருக்கும் இடத்திலிருந்து ஒன்றரை நாள் பயணம். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. அண்ணி பிரிந்துபோய் ஒரு வருடம் ஆகிறது. அந்த ஒரு வருடமும் அவள் போன் செய்தால் "ம்" என்பான். "சாப்பிட்டியாண்ணே?" "ம்." "வேலைக்குப் போனியா?" "ம்." சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கும் என்றாலும், சுவர் இருக்கிறதே என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

(அவனைக் கொஞ்சம் குடிக்கிறவனாக எழுதலாமா என்று யோசித்தேன். கதைக்கு வசதியாக இருக்கும். அவள் அப்படிச் சொல்லவில்லை. விட்டுவிட்டேன்.)

போன மாதம் சித்தப்பா அவளுக்குப் போன் செய்தார். அவரும் அண்ணனும் முகம் கொடுத்துப் பேசிப் பதினோரு வருடம். "உங்கண்ணன் வந்தான்மா. வந்து, தப்பு என்மேலதான்னு சொல்லிட்டு, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டான். எனக்கு ஒண்ணுமே ஓடல." அவர் அழுதார். அவளும் சந்தோஷத்தில் அழுதாள். போனை வைத்த பிறகுதான் தன் பக்கத்தின் முதல் அடையாளம் ஞாபகம் வந்தது.

அடுத்த வாரம் மீன் தொட்டி. ஒன்பது மீன், ஒன்பதுக்கும் ஒரு பட்டப்பெயர். அண்ணி இருந்தபோதுகூட அந்தத் தொட்டியை அவன் யாரையும் தொடவிட்டதில்லை. பக்கத்து வீட்டம்மா படம் எடுத்து அனுப்பியிருந்தாள்: தொட்டி அவர்கள் வரவேற்பறையில், மீன்களோடு.

உடனே கிளம்பியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் கிளம்பியிருப்பார்கள். அவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு. இரண்டு இருந்தால் பொருந்தாது. இந்தத் தப்பை அந்த அறையில் வேலை பார்க்கிறவர்களால்தான் செய்ய முடியும்.

4

ஆனாலும் மனசு ஆறவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் எடுத்து வைத்தாள்.

"ஒரு நாவல் சார். லிஃப்ட் ரிப்பேர் பண்றவர் ஒருத்தர்..."

"பேரு?" என்றார் ஆதாரம்.

"இன்னும் வெக்கல. கையெழுத்துப் பிரதி."

"அச்சுல வராதத எடுக்கறதில்லையேம்மா."

"பழகறதுக்குன்னு வெச்சுக்குங்க சார்."

சொன்னாள். சித்தப்பா, தொட்டி, ஒன்பது மீன்.

எப்போதும் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருக்கும் பாட்டுக்காரிதான் முதலில் சிரித்தாள். "மீன் வளத்திருக்கியாடி நீ? தண்ணி மாத்தி மாத்தி இடுப்பே ஒடிஞ்சிரும். எங்க வீட்டுத் தொட்டிய நானே தெருவுல வெச்சுட்டு வந்தேன். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"உன் பாட்டக் கேட்டு மீனு செத்திருக்கும்" என்றார் ஆதாரம். தங்கையும் சிரித்தாள். "சரி, சித்தப்பன். வயசானா யாருக்கும் வீம்பு குறையும். இதுல ஆதாரம் என்ன இருக்கு? மூணாவது எங்க?"

"மூணாவது இல்ல சார்."

"நீ எப்பவுமே இப்படித்தான். எங்க பாத்தாலும் சாவு வாசனை புடிப்ப." மூலையில் இருந்தவர் பக்கம் திரும்பினார். "எழுத்தாளரே, நீங்க என்ன சொல்றீங்க?"

மூலையில் இருந்தவர் வேலை நேரம் போக ஏதோ எழுதுகிறவர். அதனால் அந்தக் கேலிப்பெயர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ரொம்பத் தெரிந்தவர் மாதிரிச் சொன்னார்: "இழுத்துப் பொருத்தின மாதிரி இருக்கு. படிக்கறவங்களப் பயமுறுத்தணும்னே மீனக் கொண்டு வந்திருக்காங்க."

"அப்ப கை தூக்குங்க. பொருந்தாது?"

நான்கு கை. முதலில் எழுந்தது தங்கையின் கை. அன்றைக்கு அவள் இரண்டு பங்கு சாப்பிட்டாள் என்று பாட்டுக்காரி சொன்னாள்.

(மூலையில் இருந்தவர் நான்தான். என்னை 'அவர்' என்று எழுதினால் கொஞ்சம் தள்ளி நிற்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.)

5

புதன்கிழமை மதியம். படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டே வந்து எனக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அவள் பேசியது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"ஐயோ, அத இன்னும் மறக்கலையா நீ... ஆமா, மசிப் புட்டிய நான்தான் கொட்டுனேன், ஒத்துக்கறேன்... சிரிக்காதண்ணே... ஏண்ணே இப்படிச் சிரிக்கிற?... இல்ல, நல்லாத்தான் இருக்கு... சரி... சரிண்ணே... அண்ணே, நாளைக்கு நான்..."

போன் அந்தப் பக்கம் வைக்கப்பட்டுவிட்டது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எழுத்தாளரே."

"ம்?"

"மூணாவது வந்துருச்சு."

"எதுல?"

"அந்த நாவல்ல."

நான் வாயில் இருந்ததை விழுங்கினேன். "அப்ப பொருந்துதுன்னு மாத்திடலாம்மா, அடுத்த கூட்டத்துல..."

"அது நாவல் இல்ல."

அப்புறம் கொட்டித் தீர்த்தாள். ஒரு வருடமாக 'ம்' மட்டும் சொன்ன மனிதன் இன்றைக்கு அவனாகவே கூப்பிட்டு நாற்பது நிமிடம் பேசியிருக்கிறான். சின்ன வயதுச் சண்டையெல்லாம் எடுத்து வைத்துச் சிரித்திருக்கிறான். வைக்கும்போது, "எல்லாம் லேசாயிருச்சு தங்கச்சி" என்றிருக்கிறான்.

"நீ கேட்டியா?" என்றேன்.

"என்னன்னு?"

அந்த வார்த்தை எனக்கு வரவில்லை. "அதான்... ஏதாவது..."

"இல்லாதத நானே அவன் மனசுல எடுத்துப் போட்ட மாதிரி ஆயிட்டா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சந்தோஷமா இருக்கறது நல்லதுதானம்மா" என்றேன். இந்த வரியை இங்கே எழுதாமல் விட்டுவிடலாம் என்று இருந்தேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நானும்தான் கை தூக்குனேன்" என்றாள். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போனாள். எனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான்.

6

இன்றைக்குச் சனிக்கிழமை. வாடகை அறையில் உட்கார்ந்து முடிவு எழுதிப் பார்க்கிறேன். இது பிழைக்க வந்த ஊர்; என் பாஷை பேசுகிற இன்னொரு ஆள் இந்தத் தெருவில் இல்லை. அதனால் உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

முதல் முடிவு. வெள்ளிக்கிழமை காலை அவள் போய்ச் சேருகிறாள். வாசலில் அவன் செருப்பு இருக்கிறது. கதவு உள்ளே பூட்டியிருக்கிறது. தட்டுகிறாள். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "நேத்திலருந்து லைட்டே" — இதற்கு மேல் பேனா போகவில்லை. எங்கள் தளத்தில் இதற்குத் தனிப் பக்கம் உண்டு: 'தாமதமாக வந்தவள்'. கச்சிதமாகப் பொருந்தும். பொருந்துவதுதான் எனக்குப் பயம்.

இரண்டாவது முடிவு. அவனே கதவைத் திறக்கிறான். "என்னடி, சொல்லாம வந்து நிக்கிற!" வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, வீட்டை மாற்றுகிறான், தொட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கிளம்புமுன் சித்தப்பாவைப் பார்த்தான். அவ்வளவுதான். அவள் அங்கேயே உட்கார்ந்து அவனை அடி அடியென்று அடிக்கிறாள். இதற்கும் பக்கம் உண்டு: 'வீண் பயம்'. நேற்று இதை எழுதிவிட்டு நன்றாகத் தூங்கினேன். எழுந்து படித்தபோது, நான் தூங்குவதற்காக எழுதியது என்று தெரிந்தது.

மூன்றாவது. அவன் கதவைத் திறக்கிறான். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அண்ணே, சாகணும்னு நெனச்சிருக்கியா?" என்று கேட்டுவிடுகிறாள்.

அண்ணன் சிரித்தான்.

அண்ணன் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே

அண்ணன், "உனக்கு யாரு சொன்னா" என்று

இல்லை. அவன் பதிலை என்னால் எழுத முடியாது. அது என் கையில் இல்லை. ஆனால் இந்த முடிவு எந்தப் பக்கத்தில் பொருந்தும் என்று தேடினேன். வெள்ளிக்கிழமை முழுக்க, ஆதாரத்துக்குத் தெரியாமல், அவள் சேர்த்த முந்நூற்றுப் பன்னிரண்டு குறிப்புகளையும் படித்தேன். அந்தக் கதைகளில் எல்லாம் யாராவது ஒருவர் கவனிக்கிறார்கள். கவலைப்படுகிறார்கள். நல்ல சாப்பாடு போடுகிறார்கள். ஊர்விட்டு ஊர் ஓடி வருகிறார்கள். ஒரே ஒரு கதையில்கூட ஒருவரும் நேராகக் கேட்கவில்லை. அதுதான் அந்த வழக்கத்தின் நிஜ அடையாளம். நாங்கள் ஐந்து வருடமாக அதை எழுதாமலே விட்டிருக்கிறோம். யாராவது கேட்டுவிட்டால், கதை அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்துவிடுகிறது. அப்புறம் என்ன ஆகும் என்று எங்கள் தளத்தில் எங்கேயும் இல்லை.

7

இதை எழுதிவிட்டுத்தான் என்னையே பார்த்தேன். வியாழன், வெள்ளி. அவள் வேலைக்கு வரவில்லை, லீவும் சொல்லவில்லை. ஆபீஸ் குழுவில் போட்ட செய்திகளை இதுவரை திறக்கவில்லை. அடையாளம் இரண்டு. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? வகை வகையாக முடிவு எழுதிக்கொண்டு, மூன்றாவதாக ஏதாவது

அவள் எண் என்னிடம் ஐந்து வருடமாக இருக்கிறது. வேலை விஷயம் தவிர ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

நாக்கு புரண்டுவிடக் கூடாது என்று கேட்க வேண்டியதை இந்தத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: 'உங்க அண்ணன் இருக்காராம்மா?'

அவள் போனுக்கு மணி போகிறது. இடது கையில் போன், வலது கையில் பேனா. எழுத்து கோணலாக வருகிறது, மன்னிக்கவும். ஐந்தாவது மணி. ஆறாவது.

எடுத்துவிட்டார்கள்.

"யாருங்க?" என்கிறது ஓர் ஆண்குரல்.

அண்ணனின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். யாராகவும் இருக்கலாம். பேனாவைக் கீழே வைக்கிறேன். கேட்கப்போகிறேன். நீங்களும் கொஞ்சம் பேசாமல் இருங்கள்.