மன்னிப்புக்கு வெள்ளை டூலிப்

எங்கள் கடையில் பூவை மட்டும் விற்பதில்லை, அர்த்தத்தையும் சேர்த்து விற்கிறோம். ஒவ்வொரு கொத்திலும் ஒரு சின்ன அட்டையைக் கட்டித்தான் அனுப்புவோம். சிவப்பு ரோஜா என்றால் காதல், மஞ்சள் கார்னேஷன் என்றால் போடா போ, வெள்ளை டூலிப் என்றால் மன்னிப்பு. பாதி அர்த்தம் புத்தகத்தில் இருப்பது. மீதி, கடை ஈயாடிய ஒரு மத்தியானம் நானும் தங்கையும் உட்கார்ந்து எழுதியது. ஜனங்கள் இரண்டையும் ஒரே மாதிரிதான் நம்புகிறார்கள்.

வெள்ளை டூலிப்புக்கு ஒரு நிரந்தர வாடிக்கையாளன் உண்டு. தங்கையின் புருஷன், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். முகத்துக்கு நேரே 'வாங்க மாப்பிள்ளை' என்பேன். இங்கே 'அவன்' போதும். அவனிடம் பழகியவர்களைக் கேட்டால், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்பார்கள். வீட்டில் அவளை அடிப்பான். அடித்த ஒரு மணி நேரத்தில் கடைக்குப் போன் வரும்: பத்து டூலிப். கொண்டுபோய்க் கொடுப்பது நான்தான். வேறு எதற்கும் அந்த வாசலில் என்னை நிற்கவிடமாட்டான். முதல் பத்துக்கு அவள் சுண்டுவிரல் ஒடிந்திருந்தது. அடுத்த பத்துக்கு இடது காது போயிற்று. மூன்றாவதற்கு விலா எலும்பு. இரண்டு முறை போலீஸை அனுப்பினேன். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டாள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று என்னிடமே சொன்னாள். அந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால், முள் சீவும் கத்தியால்தான் அவனோடு பேசுவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் போன் செய்தான். முப்பது டூலிப், மறுநாள் வேண்டும் என்றான். என்ன ஆச்சு மாப்பிள்ளை என்று கேட்டேன்.

"இன்னும் ஒண்ணும் ஆகலக்கா. அவளுக்கு மறுபடியும் உங்க கடைக்கு வேலைக்கு வரணுமாம். சாயங்காலம் அதைப் பத்திக் கொஞ்சம் பேசணும். நாளைக்கு எனக்கு நேரம் இருக்காது, அதான் இப்பவே சொல்லிட்டேன்."

பத்துக்கு விலா எலும்பு என்றால் முப்பதுக்கு என்ன?

செவ்வாய் அவனுக்கு விடுமுறை, நாள் முழுக்க வீட்டிலேயே இருப்பான். அவள் போன் அவன் சட்டைப்பையில் இருக்கும். அவன் முன்னால் ஒரு வார்த்தை பேச முடியாது. பூவால்தான் பேச வேண்டும். எங்கள் பட்டியலில் பெகோனியாவுக்கு 'ஆபத்து, உடனே விலகு' என்று அர்த்தம். அவளுக்குப் பட்டியல் தலைகீழ்ப் பாடம். அவனுக்கு அது வெறும் சிவப்புப் பூ. வாசலில் நான் பேச்சுக் கொடுத்து அவனை இழுத்து நிறுத்தினால், அவள் பின்வாசல் வழியாக ஓடிவிடலாம். கொத்தைக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

கதவைத் திறந்து வாங்கிக்கொண்டான். கடையில் மிஞ்சியது, சும்மா கொண்டுவந்தேன் என்றேன். அவன் தோளுக்குப் பின்னால் அவள் எட்டிப் பார்த்தாள். பூவைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. மெதுவாக ஓர் அடி பின்னால் வைத்தாள்.

அவன் காம்பில் தொங்கிய அட்டையைத் திருப்பினான். பதினெட்டு வருஷமாக அட்டை இல்லாமல் ஒரு கொத்தும் என் கையை விட்டுப் போனதில்லை. பழக்க தோஷம். அன்றைக்கும் கட்டியிருக்கிறேன், பாவி.

"ஆபத்து, உடனே விலகுன்னு போட்டிருக்கே. யாருக்குக்கா இது?"

வாயைத் திறப்பதற்குள் குத்து விழுந்தது. தலைமுடியைப் பிடித்து உள்ளே இழுத்துச் சுவரில் மோதினான். முன்பல் ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது. கீழே விழுந்த என் வயிற்றில் ஷூக் காலால் இரண்டு உதை. பிறகு மேலே உட்கார்ந்து கழுத்தை நெரித்தான். கத்தவில்லை, திட்டவில்லை, கியர் மாற்றச் சொல்லித்தருகிறவன் போல நிதானமாகச் செய்தான். அடி என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை நாள் அவளுக்கு வாய்கிழிய உபதேசம் செய்திருக்கிறேன்.

பின்வாசல் திறந்துகிடப்பது எனக்குத் தெரிந்தது. போய்விட்டாள், பிழைத்தாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் பின்மண்டையில் இறக்கினாள். அவன் சாய்ந்தான். தோளில் ஒன்று. தரையில் ஊன்றிய கையில் ஒன்று. விரல்கள் நொறுங்கும் சத்தம் கேட்டது. நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ரத்தத்தில் புரண்டபடி "தண்ணி" என்றான்.

அவள் பெட்டியைப் போட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இவ்வளவுக்குப் பிறகும் ஓடுகிறாளே.

டம்ளர் நிறையத் தண்ணீரோடு வந்து அவன் எதிரில் நின்றாள். அவன் நல்ல கையை நீட்டினான். அவனைப் பார்த்தபடியே அவள் அதைக் கடைசிச் சொட்டுவரை தானே குடித்தாள்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லுக்கா," என்றாள். "நான் தெருவில போய் நிக்கறேன்."