நூற்றொன்று, நூற்றிரண்டு

கீழமடையில் பெய்த மழை ஆற்றை எதிர்த்து ஏறிக்கொண்டிருக்கிறது, இரட்டைப்பாலத்தின் தூண்களைத் தாண்டி, வேலங்காட்டுப் படித்துறையைத் தாண்டி, முப்பது கிலோமீட்டர் மேட்டில் இருக்கும் மேலணைக்குள் போய் விழுகிறது, கண்ணை மூடினால் நான்கு மாதமாக உலகம்மாளுக்கு இதுதான், கனவு என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தத் தண்ணீருக்கு எண்கள் இருக்கின்றன, ஒவ்வொரு படிக்கும் இத்தனை அடி இத்தனை அங்குலம் என்று சுத்தமாக அச்சடித்த எண்கள், கண்ணைத் திறந்தால் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தின் நடை, விசாரணைக்கு வந்தவர்கள் உட்காரும் மர பெஞ்சு, அதன் மறுகோடியில் பேச்சிமுத்து, கீழமடை மதகைத் திறந்து மூடுகிற, ஆற்றின் மட்டத்தைக் கோலில் பார்த்துப் போனில் சொல்லுகிற லஸ்கர், இப்போது வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிற லஸ்கர், அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை, செருப்பைத்தான் பார்த்தாள், வலது செருப்பின் வாரை நைலான் நரம்பு போட்டுத் தைத்திருந்தார்.

அவர்மேல் இரண்டு குற்றச்சாட்டு, ஆற்று மட்டத்தைத் தப்பாகக் குறித்தார் என்பது ஒன்று, உத்தரவை மீறி வடிகால் மதகைத் திறந்து நாற்பது ஏக்கர் வாழையை மூழ்கடித்தார் என்பது இன்னொன்று, இரண்டுக்கும் சாட்சி ஒரே தாள், அன்றைக்கு உலகம்மாளின் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து போன வெள்ளக் கணிப்புத் தாள், இது எங்கள் தாள்தான் என்று ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகத்தான் அவளை இங்கே வரச் சொல்லியிருந்தார்கள், ஐந்து நிமிஷ வேலை மேடம் என்று கிளார்க் சொன்னான், ஐந்து நிமிஷத்தில் ஒரு மனுஷனை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தாளை அடிக்கிற புரோகிராம் அவள் எழுதியது அல்ல, அவள் வேலைக்குச் சேருவதற்கு வெகுகாலம் முன்பே யாரோ ஃபோர்ட்ரான் மொழியில் எழுதி வைத்தது, ஆற்றையும் அதில் சேருகிற ஓடைகளையும் ஆயிரத்துச் சொச்சம் துண்டாக வெட்டி, எந்தத் துண்டின் தண்ணீர் எந்தத் துண்டுக்குப் போகிறது என்று ஒரு பெரிய சதுர அட்டவணையில் வைத்திருக்கும், எங்கெங்கே எவ்வளவு மழை என்று கொடுத்தால் ஆறு மணி நேரம் கழித்து எங்கே எத்தனை அடி என்று சொல்லும், சரியாகத்தான் சொல்லும், ஆனால் முக்கி முனகி நாற்பது நிமிஷம் எடுக்கும், அதற்குள் தண்ணீர் தன்பாட்டுக்கு ஊருக்குள் வந்துவிடும், கணக்குப் போடுகிற பகுதியை மட்டும் எடுத்துவிட்டுப் கணக்குப் போடுவதற்கென்றே யாரோ எழுதிவைத்த புதிய கணித லைப்ரரி ஒன்றைக் கூப்பிட்டால் நாற்பது விநாடியில் முடியும் என்று அவள்தான் சொன்னாள், சொன்னவள் தலையிலேயே கட்டினார்கள், அவளுக்கும் அது சந்தோஷம்தான், அதை எதற்கு மறைக்க வேண்டும்.

லைப்ரரி சி மொழியில் எழுதியது, ஃபோர்ட்ரான் கூப்பிட்டதும் அது ஓடி வந்துவிடவில்லை, முதல் இரண்டு நாள் பெயரே தெரியாது என்று சாதித்தது, பெயரைச் சரிக்கட்டினால் மூன்றாவது நாள் வந்த வேகத்தில் செத்து விழுந்தது, ஃபோர்ட்ரான் ஒரு எண்ணைக் கையில் கொடுக்காது, அந்த எண் இருக்கிற முகவரியைத்தான் கொடுக்கும், லைப்ரரியோ முகவரியையே எண் என்று எடுத்துக்கொண்டு திண்டாடியது, இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டு மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்து மேசை ஜன்னத் வந்து, எக்கா, ரெண்டும் பேசிக்கிட்டுதா இல்லையா என்கிறாள், பேசுதுட்டி, மாமியாரும் மருமவளும் மாதிரி பேசுது என்கிறாள் இவள், இருவரும் சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பு இப்போது நடையில் கேட்பது போலிருந்தது.

அட்டவணையை எப்படிப் படிப்பது என்பதில்தான் கோட்டைவிட்டாள், ஃபோர்ட்ரான் அட்டவணையை மேலிருந்து கீழாக அடுக்கி வைக்கும், அந்த லைப்ரரியிடம் 102 என்று சொன்னால் அதுவும் மேலிருந்து கீழாகப் படிக்கும், 101 என்று சொன்னால் இடமிருந்து வலமாகப் படிக்கும், பள்ளிக்கூட டைம்டேபிளைக் கிழமையையும் பாடவேளையையும் மாற்றிப் படித்த மாதிரி ஆகிவிடும், எங்கிருந்து எங்கே தண்ணீர் போகிறது என்பதே தலைகீழாகிவிடும், இது அவளுக்குத் தெரியாதா என்றால் தெரியும், பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள், ஆனால் கூப்பிடுகிற வரியைக் கையேட்டிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினாள், அதில் 101 இருந்தது, சோதித்தும் பார்த்தாள், கையேட்டில் இருந்த மாதிரிக் கணக்கைப் போட்டு ஆறு தசமம்வரை சரி என்று டிக் அடித்தாள், அந்த மாதிரிக் கணக்கின் அட்டவணை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாகவே வருகிற அட்டவணை, அது அப்போது உறைக்கவில்லை, எக்கா, நம்ம ஆத்தைப் போட்டுப் பாத்தியளா என்று ஜன்னத் கேட்டாள், கடைசி ரெண்டு வருசத்தையும் போட்டுட்டேன், பழசுக்கும் புதுசுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம் இல்ல என்றாள், அந்த இரண்டு வருஷமும் மழையே இல்லை, போட்டதெல்லாம் சுழி, வந்ததெல்லாம் சுழி.

பிறகு அந்த ஐப்பசி வெள்ளிக்கிழமை, மேலணையில் விடியற்காலையிலிருந்து கொட்டுகிறது, கீழமடையில் தூறல், நாற்பது விநாடியில் தாள் வருகிறது, கீழமடை ஆறு அடிக்குமேல் போகாது, மதகைத் திறக்க வேண்டாம் என்று மேலிடத்து உத்தரவும் வருகிறது, பதினொரு மணிக்குப் பேச்சிமுத்து போன் பண்ணுகிறார், யம்மா, ஒங்க தாள்ல ஆறடின்னு போட்டிருக்காம், இங்க கோல்ல ஒம்பது நிக்கிம்மா, அவள் கையில் தாள் இருக்கிறது, தாளில் ஆறுதான் இருக்கிறது, அண்ணாச்சி, கோல்ல பாசி கீசி இருக்கும், துடைச்சிட்டுப் பாருங்க என்றாள், எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள், பத்து நிமிஷம் கழித்து மறுபடி மணி அடிக்கிறது, துடைச்சிட்டேம்மா, இப்பம் ரெண்டு அங்குலம் கூட ஏறியிருக்கு என்றார், கிண்டல் இல்லை, கோபம் இல்லை, துடைக்கச் சொன்னார்கள், இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் துடைத்தார், அவ்வளவுதான், சரி அண்ணாச்சி, நான் மேல சொல்லுதேன் என்று வைத்தாள், மேலே சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு அவரே வடிகால் மதகைத் திறந்தார், தெருவுக்குள் வரவேண்டிய தண்ணீர் வாழைக்குள் போனது, கீழமடையில் ஒரு கோழிக்குஞ்சு கூடச் சாகவில்லை, வாழைக்காரர் பெரிய இடம், திங்கட்கிழமையே சஸ்பென்ஷன் வந்துவிட்டது, செவ்வாய்க்கிழமைதான் உலகம்மாள் புரோகிராமைத் திறந்து, சந்தேகத்துக்கு, கீழமடையில் மட்டும் மழை, மற்ற எல்லா இடமும் சுழி என்று போட்டுப் பார்த்தாள், மேலணையில் தண்ணீர் ஏறியது, கீழே பெய்த மழை ஆற்றோடு மேலே ஏறிப்போனது, லைப்ரரியைக் கூப்பிடுகிற வரிக்குப் போய் 101ஐ 102 ஆக்கினாள், ஆறு திரும்பி ஒழுங்காக ஓடியது, ஒரு எண், அதுவும் ஒரே ஒரு இலக்கம், யாருக்கும் சொல்லவில்லை, ஜன்னத்திடம் மட்டும் சொன்னாள், ஆரும் சாவலைல்லா, விட்டுருங்கக்கா, பங்குனி மாசம் ஒங்க பதவி உயர்வு லிஸ்ட் வருது, வாயை வெச்சிக்கிட்டுச் சும்மா இருங்க என்றாள் அவள், சும்மா இருந்தாள், நான்கு மாதம் நன்றாகச் சும்மா இருந்தாள், அதை நினைத்தால் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள், விசாரணை அதிகாரி தெய்வசகாயம் தாளை நகர்த்தி வைத்தார், இது ஒங்க ஆபீஸ்ல இருந்து வந்த தாள்தானே மேடம், ஆமா சார், அப்பம் இந்த இடத்துல ஒரு கையெழுத்து, பேனாவை எடுத்தவள் மூடியைக் கழற்றவில்லை, தாள் எங்களுதுதான் சார், கணக்கு தப்பு என்றாள், அவர் நிமிர்ந்து பார்த்தார், கம்ப்யூட்டர் தப்பாப் போடுமா, கம்ப்யூட்டர் போடலை சார், நான் போட்டேன், அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார், பேர் கீர் எதுக்கு மேடம், தொழில்நுட்பக் கோளாறுன்னு எழுதிக்கிடுவோம், ஒங்களுக்கும் பிரச்சினை இல்ல, அப்படி எழுதினா பேச்சிமுத்துமேல இருக்கிறது போயிருமா சார், மட்டம் தப்பாக் குறிச்சது போயிரும், உத்தரவை மீறித் திறந்தது நிக்கத்தான் செய்யும், அவள் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள், அதே வெள்ளிக்கிழமை, அதே மழை, திருத்திய கணக்கு, பகல் பதினொரு மணிக்குக் கீழமடை ஒன்பது அடி, நாலு மணிக்கு மதகு மூடியே இருந்தால் பன்னிரண்டேகால், கரை தாங்குவது பதினொன்று, இந்தத் தாள் அன்னைக்கு வந்திருந்தா நீங்களே ரெண்டு மணிக்குத் திறக்கச் சொல்லியிருப்பிய சார், கோளாறுன்னு எழுதாதீங்க, நூத்திரெண்டு போட வேண்டிய எடத்துல உலகம்மாள் நூத்தியொண்ணு போட்டான்னு எழுதுங்க, தெய்வசகாயம் இரண்டு தாளையும் பேச்சிமுத்து மட்டம் குறித்த நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார், பிறகு மணியை அடித்தார்.

பேச்சிமுத்து வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார், தெய்வசகாயம் விஷயத்தைச் சொன்னார், ஒம்மேல தப்பு இல்லவே, தாள்தான் தப்பு, மேடம் எழுதிக் குடுக்காங்க, உலகம்மாள் இப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள், தடித்த கண்ணாடி போட்டிருந்தார், முன்பு போட்டதில்லை, அண்ணாச்சி, என்னை மன்னிச்சிருங்க என்றாள், அவர் அதைக் காதில் வாங்கினாரா தெரியவில்லை, அப்பம் அன்னைக்கு நான் பாத்தது ஒம்பதுதானாம்மா என்று கேட்டார், ஒம்பதேதான் அண்ணாச்சி, அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார், எனக்கே சந்தேகம் வந்துட்டும்மா, படிச்சவங்க மிசின்ல போட்டுச் சொல்லுதாங்க, நமக்குத்தான் கண்ணு போயிட்டு போலன்னு, ஆஸ்பத்திரியில ரெண்டு தடவை காட்டினேன், பார்வை நல்லாருக்குன்னுட்டாங்க, நான் நம்பலை, கடையில போயி நானா ஒண்ணை வாங்கி மாட்டிக்கிட்டேன், இதைப் போட்டா ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதும்மா.