கொழுப்பு மாத்திரை

பயிற்சி ஆட்டத்தில் 'கபடி கபடி' என்று பாடி வந்தவனை இடுப்போடு தூக்கி மண்ணில் அறைந்தார் கலியமூர்த்தி. விழுந்தவன் உதடு கிழிந்து ரத்தம் துப்பியபடி எழுந்துவிட்டான். எழ முடியாமல் கிடந்தது கலியமூர்த்திதான். இரண்டு தொடைகளையும் யாரோ உள்ளேயிருந்து முறுக்கிப் பிழிவதுபோல் வலித்தது.

நாற்பத்து நான்கு வயது. கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். மாலையானால் கபடி. சில வாரங்களுக்கு முன் ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு எகிறியிருந்தது. மாத்திரை எழுதிய டாக்டர், "கடுமையா உடற்பயிற்சி ஏதாவது பண்றீங்களா?" என்று கேட்டார். கபடியை நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில், "கொஞ்சம் நடப்பேன் சார்" என்றார் இவர். தசை வலித்தாலோ சிறுநீர் நிறம் மாறினாலோ உடனே வரச்சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாத்திரை விஷயம் தெரிந்தால் கிழவன் என்பார்களே என்று ஆட்டக்காரர்களிடமும் மூச்சு விடவில்லை.

அந்த வலி வந்த சில நாளில், சிதம்பரத்தில் போட்டி நடந்த அன்று காலை, சிறுநீர் கறுப்புக் காப்பி போலப் போனது. விஷயம் அறிந்த மனைவி அனுப்பிரியா கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க."

"வெயிலு ஜாஸ்தி, சூடு புடிச்சிருக்கு. வுடு!" உதறிய வேகத்தில் அவள் சுவரில் மோதினாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். அவள் பின்னாலேயே பஸ் ஏறினாள்.

கடைசி நிமிடம். எதிரணி ஆட்டக்காரன் உள்ளே வந்தான். கலியமூர்த்தி பாய்ந்தார், கால்கள் துணியாய் மடிந்தன. அவர் தோளை மிதித்துத் தாண்டிக் கோட்டைத் தொட்டான் அவன். ஆட்டம் போயிற்று. கூட்டம் ஊளையிட்டது.

"ஏன் மாமா புடிய வுட்டுட்டீங்க?" என்றான் அதே அணியில் ஆடிய அனுப்பிரியாவின் தம்பி அன்பரசு.

அவ்வளவுதான். கலியமூர்த்தியின் முஷ்டி அவன் மூக்கில் இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. கீழே சாய்ந்தவன்மேல் விழுந்து கழுத்தை நெரித்தார். நான்கு பேர் இழுத்தும் விடவில்லை. பிறகு அவர் விரல்களே இறுகி நின்றுவிட்டன. கை கால் விறைத்து, அலறிக்கொண்டே சரிந்தார்.

"தசை உடைஞ்சு ரத்தத்துல கலந்திருக்கு. கிட்னி பாதிக்குது. என்ன மருந்து சாப்பிடறாரு?" என்று கேட்டார் ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர். கலியமூர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தம்பியின் ரத்தம் படிந்த முந்தானையோடு நின்ற அனுப்பிரியா சொன்னாள்: "கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடறாரு மேடம். வெறி புடிச்ச மாதிரி கபடியும் ஆடறாரு. அத எந்த டாக்டர்கிட்டயும் சொன்னதில்ல."

"நல்ல மாத்திரைதாம்மா. இப்படி ஆகறது அபூர்வம். ஆனா இவ்வளவு கடுமையான பயிற்சியும் சேர்ந்து, வலியையும் மறைச்சா உயிருக்கே ஆபத்து."

மாத்திரையை நிறுத்தி, நாள் கணக்கில் சலைன் ஏற்றியபின்தான் சிறுநீர் தெளிந்தது. ரத்தம் சீரான பிறகு வேறு மருந்து தருவதாகச் சொன்னார் டாக்டர். மூக்கில் கட்டோடு வந்து நின்றான் அன்பரசு.

"என்னைய அடிடா மச்சான்."

"அடிக்க வரல மாமா. எங்கிட்டயாவது சொல்லியிருந்தா, நானே தூக்கிட்டு வந்திருப்பேனே."

கலியமூர்த்தி உடைந்து அழுதார். மனைவியின் கையைப் பிடித்து, "ஒன்னையும் தள்ளிட்டேனே" என்றார். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். "மொதல்ல பொழைச்சு வாங்க. அதப் பத்தி வீட்ல பேசணும்."

தேறி வந்ததும் மைதானத்தில் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்தார்.

"ரத்தத்துல இருக்கிற கொழுப்புக்கு மாத்திரை இருக்குடா. மண்டையில இருந்துச்சே, அதான் என்னையும் சாச்சுது, என் மச்சான் மூக்கையும் ஒடச்சுது. மருந்து சாப்பிட்டா டாக்டர்கிட்ட ஆட்டத்த மறைக்காதீங்க. வலிச்சா நீங்களா மாத்திரைய நிறுத்தாதீங்க, பல்லக் கடிச்சிக்கிட்டு ஆடவும் ஆடாதீங்க. ஓடிப்போய்க் கேளுங்க. அதுல ஒரு வெக்கமும் இல்ல."