பெட்டிக் கிடங்கு

சித்தி வாயைத் திறப்பதற்குள் நான் பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு, ராத்திரியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு கிடப்பேன்.

இப்படி நினைத்தபடிதான் அவள் கிடங்குக்குள் நுழைந்தாள். கலைக்கூடத்தின் பின்னால் இருந்த நீளமான கட்டடம் அது. ஓவியங்கள் வந்து இறங்கிய மரப்பெட்டிகள் அங்கே காலியாகக் கிடந்தன. அந்தக் கிடங்கைப் பிள்ளைகளுக்கான ஓவிய, சூழல் கல்விக்கூடமாக மாற்ற அவள் வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தாள். கட்டடக் கலைஞராகத் தனியாக அவள் செய்யும் முதல் வேலை. சுவர்கள் அப்படியே இருக்கும். கூரையை ஒரு பக்கம் உயர்த்தி, வெயில் விழாமல் வெளிச்சம் மட்டும் இறங்கும்படி ஜன்னல்கள். பெட்டிப் பலகைகளிலேயே மேசைகள். தூரிகை கழுவிய தண்ணீர் தொட்டியில் தெளிந்து செடிகளுக்குப் போகும்.

கலைக்கூடத்தின் இயக்குநர் அவளுடைய சித்தி. அக்கா மகளுக்காக நிர்வாகக் குழுவிடம் வாதாடி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவளே.

"வாடி. முகத்தை ஏன் இப்படித் தூக்கி வச்சிருக்கே? நான் இன்னும் ஒண்ணும் சொல்லவே இல்லையே."

"சொல்லப் போறீங்கன்னு தெரியுது சித்தி."

சித்தி சிரித்தாள். ஒரு பெட்டியைத் தட்டித் தூசி பறக்கவிட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"இதை இடிச்சிட்டுப் புதுசாக் கட்டணும்னு குழுவுல கேக்குறாங்க. முன்பக்கம் முழுசும் கண்ணாடி, மேல சூரியத் தகடு, சுவரெல்லாம் கொடி. பசுமைக் கட்டடம்னா பாத்ததும் தெரிய வேண்டாமா? நீ என்னடான்னா பழைய துணிக்கு ஒட்டுப் போட்டு விருந்துக்குப் போகச் சொல்றே."

"எதையும் வீணாக்காதேன்னு சொல்லித் தர்ற இடம் சித்தி. அதைக் கட்ட, நல்லா நிக்கிற சுவரை லாரி லாரியாக் குப்பையாக்கணுமா?"

"ஆரம்பிச்சிட்டா உபதேசத்தை!"

அவள் பக்கத்துச் சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். உண்மையிலேயே இந்தச் சுவருக்காகத்தான் பேசுகிறேனா, இல்லை, நான் வரைந்தது என்ற கர்வமா? கொஞ்சம் கர்வமும் இருக்கத்தான் செய்தது. கிடங்கின் மேல் அவளுக்குப் பாசமும் கிடையாது. அழகென்று சொல்ல அதில் எதுவும் இல்லை. ஆனால் இங்கே ஓவிய வகுப்பு எடுக்கும் டீச்சர் சொன்னது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. பிள்ளைகள் இப்போது நடைபாதையில் உட்கார்ந்து வரைகிறார்கள். "சிந்தினா யாரும் திட்டாத தரையும், ஆணி அடிக்க ஒரு சுவரும் கொடுங்க, போதும்" என்றாள் அந்த டீச்சர். கண்ணாடியில் எங்கே ஆணி அடிப்பது?

சித்தி குரலைத் தாழ்த்தினாள்.

"குழுவுல அந்த எஞ்சினியர் பெரியவர் ஒருத்தர்தான் குறுக்கே நிக்கிறார். சுவர் நல்லா இருக்குன்னா எதுக்கு இடிக்கணும்ங்கிறார். நீ சோதிச்சுப் பாத்தவ. நாளைக்கு வந்து, சுவர் தாங்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அடங்கிடுவார். புதுக் கட்டடத்தையும் நீயே கட்டு. வேலை உன் கையைவிட்டுப் போகாது."

"தாங்காதுன்னா சொல்லணும்?"

"ஆமா. உனக்காக எத்தனை பேர்கிட்ட பேசியிருக்கேன்! என் முகத்தைக் காப்பாத்தக் கூடாதா?"

அங்கேதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை காலம் அவள் தலையாட்டியதெல்லாம் யாருடைய முகமோ வாடிவிடுமே என்றுதான். தனக்கென்று ஓர் அபிப்பிராயம் இருந்ததையே பல சமயம் அவள் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் கண்டுபிடித்திருக்கிறாள். சித்தியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அதில் களைப்பு இருந்தது, பிரியமும் இருந்தது. கோபப்பட முடிந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

"என்னடி, சரின்னு சொல்லேன்."

"சுவர் நல்லா இருக்கு சித்தி. நாளைக்கும் அதைத்தான் சொல்வேன்."

"வேலை போயிடும்."

"தெரியுது. இடிக்கத்தான் வேணும்னா வேற ஆளை வச்சுக்கோங்க" என்றாள் மெதுவாக.

சித்தி பெட்டியிலிருந்து எழப் பார்த்தாள். தடுமாறியவளுக்கு அவள் கை கொடுத்தாள்.