பின்வாசல் வெயில்

பின்முற்றத்துக்குக் கூரை போடலாம் என்று சொன்னது என் மகள். மழை ஈரத்தில் அவள் அம்மா வழுக்கி விழுந்து முழங்கை வீங்கிக் கிடந்த நேரம் அது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வந்த வெல்டிங்காரனை நம்பவில்லை. யாரையும் நம்பிப் பழக்கமில்லை எனக்கு.

இரும்புக் குழாயை இறக்கும்போதே தட்டிப் பார்த்தேன்.

"என்னய்யா, காகிதம் மாதிரி இருக்கு?"

"யானை ஏறினாலும் தாங்கும் பெரியவரே."

"யானைய யாரு கூட்டிட்டு வர்றது, நீயா?"

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, அவரை வேலை செய்ய விடுங்க."

விடுவேனா. நாற்காலியைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன். தூணுக்குத் தோண்டிய குழி ஆழம் போதுமா, தகரத்துக்குச் சரிவு இருக்கிறதா, எல்லாம் பார்த்தேன். ஒரு திருகுக்கு அடியில் ரப்பர் வாஷர் இல்லை என்று அவனைத் திரும்ப ஏணியில் ஏற்றினேன்.

"உங்கள மாதிரி இன்னும் ரெண்டு பேர் இருந்தா, நான் தொழிலை விட்டுட்டு சாமியாராப் போயிருப்பேன்" என்றான்.

வேலை சுத்தம். அதில் குறை சொல்ல முடியாது.

என் மனைவிக்குக் கொஞ்ச காலமாகவே நினைவு தப்பிக்கொண்டிருந்தது. கடிகாரம் பார்க்கத் தெரியாது. மகளைத் தன் தங்கை என்பாள். காலையில் என்னைப் பார்த்து, "யாரு வேணுங்க ஐயா?" என்று கேட்பாள். சாயங்காலம் மட்டும் நான் அவளுக்குப் புருஷன்.

லேத் பட்டறையில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் பின்வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் வருவேன். கையெல்லாம் கிரீஸ். முன்வாசலில் வந்தால் தரை பாழாகும் என்று அவள் போட்ட சட்டம். மேற்கு வெயில் முற்றத்தைத் தாண்டி சமையலறைப் படியில் ஏறியதும் டீக்குத் தண்ணீர் வைப்பாள். எல்லாம் மறந்த பிறகும் அது மறக்கவில்லை. வெயில் படியேறியதும் எழுந்து அடுப்படிக்குப் போவாள். மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வாள். நான் தெருவைச் சுற்றிக்கொண்டு பின்வாசலில் வந்து நிற்பேன்.

"வந்தாச்சா? கையக் கழுவுங்க. அப்படியே எதையும் தொட்டுத் தொலைக்காதீங்க."

அந்தத் திட்டுக்காகத்தான் நாள் முழுக்கக் காத்துக் கிடப்பேன்.

கூரை முடிந்த அன்று சாயங்காலம் வழக்கம்போல் சுற்றிக்கொண்டு வந்தேன். முன்னால் மதில், மேலே தகரம். படி முழுக்க நிழல். அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"யாரு வேணுங்க ஐயா?" என்றாள்.

மறுநாளும் அதே கேள்வி. அதற்கு அடுத்த நாளும் அதே. திருகு திருகாகப் பார்த்த எனக்கு இது தோன்றவில்லை. வெல்டிங்காரனைக் கூப்பிட்டேன்.

"அந்த நடுத் தகரத்தைக் கழட்டு."

"ஏன், ஒழுகுதா?"

"ஒழுகல. வெயில் வரணும்."

"வெயில மறைக்கத்தானே கூரையே போட்டோம்?" என்று மகளைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் ஏணியை எடுத்து வந்தான்.

அன்று நான் தெருவுக்குப் போகவில்லை. வெயில் சரியாகப் படியில் விழுகிறதா என்று என் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விழுந்தது. மெல்லப் படியேறியது. அவள் பார்த்தாள், எழுந்தாள், அடுப்படிக்குப் போய் டீ போட்டாள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டம்ளரோடு வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள்.

"ஐயா, நீங்க கிளம்புங்க. அவரு வர்ற நேரம்."

"வந்தா என்ன?"

"வெளியாளு உள்ள இருந்தா சும்மா விட மாட்டாரு. அவரு ஒரு சந்தேகப் பிராணி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

செருப்பைக்கூட மாட்டாமல் முன்வாசல் வழியாக இறங்கி ஓட்டமும் நடையுமாகத் தெருவைச் சுற்றினேன். பின்வாசல் கதவைத் தள்ளி, குழாயில் கையைக் கழுவி, ஈரக் கையோடு வெயில் விழுந்த படியில் நின்றேன்.

"இன்னும் போகலையா நீங்க?" என்றாள்.

என் தோளுக்கு மேலே எட்டி முற்றத்துக் கதவைப் பார்த்தாள். அப்புறம் ஒரு தட்டை எடுத்து டம்ளரை மூடி வைத்தாள், அவர் வருவதற்குள் டீ ஆறிவிடாமல் இருக்க.