பொழுதிருக்கும்போதே

சாப்பாடு என்றால் என்ன என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அந்த மாதம் என் வேலை. எங்கள் கம்பெனி பல ஊர்ப் பெண்கள் ஹாஸ்டல்களின் சமையலறைகளைக் குபெர்நெட்டிஸ் என்ற மென்பொருளை வைத்து நடத்துகிறது. அதற்குத் தானாகத் தெரிந்த சமாசாரங்கள் கொஞ்சம்தான். புதிதாக ஒன்றை அது கவனிக்க வேண்டுமானால் அந்த வகைக்கு ஒரு பெயர் வைத்து, அதில் என்னென்ன இருக்கும், யாரும் எதுவும் சொல்லாவிட்டால் எதை வைத்துக்கொள்வது என்று எழுதித் தரவேண்டும். எழுதிவிட்டால் பிடிவாதக்காரக் குழந்தை மாதிரி அதை நடத்தியே தீரும். செஞ்சியில் எங்கள் வாடகை வீட்டு மாடியில் உட்கார்ந்து 'இரவுச் சாப்பாடு' என்ற வகையை நான்தான் எழுதினேன்.

மறுநாள் காலை சென்னையிலிருந்து டீம் லீடர் நெடுமாறன் கூப்பிட்டார்.

"பிரம்மி, நேத்து எல்லா ஹாஸ்டல்லயும் அஞ்சரைக்கே நைட் சாப்பாட்டு மணி அடிச்சிருக்குது. யாரு போட்ட டைம் அது?"

"நான்தான் சார்."

"ஏம்மா?"

"சாப்பாட்டு நேரம் அதானே சார்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. மேல்சித்தாமூர் ஜைனக் குடும்பத்தில் பிறந்தவள் நான். இருட்டிவிட்டால் எங்கள் வாயில் பருக்கை படாது. ஊருக்கெல்லாம் அதுதான் வழக்கம் என்று கை தானாக எழுதிவிட்டது. திட்டப்போகிறார் என்று பார்த்தால், சிரித்துவிட்டு எட்டு மணியாக மாற்றச் சொன்னார். மாற்றினேன். மனசு மட்டும் அந்த ஹாஸ்டல்களிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. எங்கெங்கோ இருக்கிற பெண்கள், ஏன் என்று தெரியாமலே மஞ்சள் வெயிலில் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சாப்பிட்டிருப்பார்கள்.

எனக்கு அது வாய்க்கவில்லை. நான் காதலித்துக் கட்டிக்கொண்ட எழிலனுக்குத் திண்டிவனம் ரோட்டில் செல்போன் கடை. அவன் வரும்போது தெருவே அடங்கியிருக்கும். அவன் சாப்பிடுவான், நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். முன்பெல்லாம் அதற்குச் சண்டை போடுவோம். இப்போது சண்டையும் இல்லை. இப்படியே பழகிப்போய்விடுவோமோ என்று பயமாக இருந்தது. அவனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"இன்னிக்கு நான் சாப்டாம இருக்கறேன். நீ வந்ததும் சேந்தே சாப்டலாம்."

"வாணாம். எனக்காவ நீ உன் வழக்கத்த விட்டுட்டு சாப்ட்டா எனக்கு எறங்காது."

கடையில் யாரோ சார்ஜர் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி போனுக்கு வந்தான்.

"பிரம்மி, எனக்கும் அந்த அஞ்சரையே போட்டு வையி."

"சாயங்காலந்தானே உனக்கு யாவாரமே?"

"பாக்கலாம்" என்று வைத்துவிட்டான்.

மாலையில் இரண்டு தட்டு வைத்தேன். சூரியன் ராஜகிரிக் கோட்டை மலையின் உச்சியைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. வருவானா என்று தெரியவில்லை. இரண்டிலும் சோற்றைப் போட்டுவிட்டுக் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். வெயில் என் தட்டை விட்டு நகர்ந்து அவன் தட்டின் விளிம்பில் நின்றபோது, கீழே ஏதோ வண்டி வந்து நின்றது.