ஒன்பது படங்கள், எட்டுப் பேர்

செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் சான்ட்ரா போனில் கேட்ட முதல் கேள்வியே என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அருள்செல்வி என்பது ஒரு ஆளா, எட்டு ஆளா என்று கேட்டார்.

நான் எழில்மொழி. தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனை நடத்தும் ஆய்வில் களப்பணியாளர். குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்திருக்கும் பெண்களாகப் பார்த்து, ஆளுக்கொரு ‘ஸ்கேன் பாடி’ கொடுப்பது என் வேலை. பருத்தியில் தைத்த உள்ளாடை அது. ஒவ்வொரு பக்கமும் ஆறு துளைகள் இருக்கும். உள்ளங்கை அகலக் கருவியை ஒவ்வொரு துளையிலும் கொஞ்ச நேரம் ஒட்டவைத்தால் போதும். வயிற்றில் இருக்கும் பிள்ளையை ஸ்கேனில் பார்ப்பதுபோல மார்புக்குள் இருப்பதைப் படம் எடுத்து, போன் வழியாக டாக்டருக்கு அனுப்பிவிடும். வாரம் ஒருமுறை, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்.

அருள்செல்வி வலங்கைமான் பக்கம் நடவு வேலை செய்பவர். அம்மாவையும் அக்காவையும் இந்த நோய்க்கே பறிகொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் அவர் பெயரில் ஒன்பது தடவை படம் வந்திருந்தது. எல்லாம் ஒரே பெண்ணுடையது இல்லை, எட்டுப் பெண்களுடையது என்றார் டாக்டர். நான்காவதும் ஒன்பதாவதும் மட்டும் ஒரே ஆள். அந்த ஆளுக்கு இடது மார்பில் ஒரு கட்டி.

“கட்டியோட ஓரம் சரியில்ல எழில். இந்த வாரமே ஊசி வெச்சு சதை எடுத்துப் பாக்கணும். அது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. யாருக்கும் இரவல் கொடுக்கக் கூடாது என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து வேறு வாங்கியிருந்தேன். சேலை, தோடு, குத்துவிளக்கு என்று சகலத்தையும் இரவல் கொடுத்துப் பழகிய ஊர், இதை மட்டும் விட்டுவைக்குமா? வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஸ்கூட்டரை விரட்டினேன். பாபநாசம் தாண்டும்போதுதான் கோபத்துக்கு அடியில் பயம் இருப்பது தெரிந்தது. எட்டுப் பேரில் ஒருத்தி எதுவும் தெரியாமல் நடமாடிக்கொண்டிருக்கிறாள்.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. மெஷின் இறங்க முடியாத உளைச் சேற்றில் எட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். வரப்போரம் முதல் ஆள் அருள்செல்வி. அவரை மோட்டார் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டு விசாரித்தேன். அவர் மழுப்பவில்லை. சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், கூட நடும் ஏழு பேரும் அந்த அதிசயத்தைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்களாம். அவர் போட்டுக் காட்ட, அடுத்தவள் ஆசைப்பட, எட்டுப் பேரும் போட்டாகிவிட்டது. ஒன்பதாவது தடவை பற்றி அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் டீ போட அடுப்படிக்குப் போய்விட்டாராம்.

யாருக்குப் பின் யார் போட்டது என்று கேட்டேன். அந்தக் கேள்வியே அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

“வயல்ல நிக்கிற வரிசைதான் மேடம். டீ குடிச்சாலும் அப்படித்தான், பஸ் ஏறினாலும் அப்படித்தான்.”

அந்த வரிசை வருஷக்கணக்காக மாறவில்லையாம். திரும்பி வயலைப் பார்த்தேன். அருள்செல்வி நின்ற இடம் ஒன்று. அடுத்து இரண்டு, மூன்று. நான்காவதாக நின்றவர் ஏதோ சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

என் பார்வை போன இடத்தை அருள்செல்வி கவனித்துவிட்டார். நான்காவதாக நிற்கும் அம்சம்தானா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அம்சத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷமாம். பச்சை எரிந்ததற்காக நேற்று எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் செய்துகொண்டு வந்தாராம்.

எனக்குச் சுருக்கென்றது. படம் எடுத்து முடிந்ததும் கருவியில் ஒரு பச்சை விளக்கு எரியும். வேலை முடிந்தது, கழற்றலாம் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

“பச்சை எரிஞ்சா நல்லதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?”

சொன்னேன்தான். ஒரே பேச்சை ஊர் ஊராகப் பேசி அலுத்துப்போய், பச்சை எரிந்தால் நல்லது, கழற்றிவிடுங்கள் என்று சுருக்கிவிட்டிருந்தேன். அதுவரை ஊரைத் திட்டியதெல்லாம் என்மேலேயே வந்து விழுந்தது.

அம்சத்தை வரப்புக்குக் கூப்பிட்டால் மற்றவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு, சுடிதாரை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். எனக்கும் நடவு கற்றுக்கொடுங்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் போய்க் குனிந்தேன். விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். அவர் கை நிற்காமல் நட்டுக்கொண்டே இருந்தது.

“எனக்குப் பச்சை எரிஞ்சுதேம்மா. நம்பாம ரெண்டாந்தடவையும் போட்டுப் பாத்தேன். அப்பவும் பச்சைதான்.”

“படம் எடுத்தாச்சுன்னுதாங்க்கா அதுக்கு அர்த்தம். எல்லாருக்குமே பச்சைதான் எரியும். நான்தான் தப்பா சொல்லிட்டேன்.”

இப்போது கை நின்றது. வரிசை பின்னால் நகர்ந்துகொண்டே போக, அவர் மட்டும் அங்கேயே நின்றார். ஒரு வருஷமாக அந்தக் கட்டி கையில் தட்டுப்படுகிறது என்றார். அருள்செல்வியின் அக்கா பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவராம். அந்தப் பயத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவர் அழவில்லை, என்னை வையவும் இல்லை. வைதிருந்தால் தேவலை என்றிருந்தது.

“ஒரு வருஷங்கழிச்சு இந்த ரெண்டு ராத்திரிதாம்மா தூங்கினேன்.”

மன்னிப்புக் கேட்டேன். எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை, அப்படியே இருந்தாலும் வைத்தியம் இருக்கிறது, இன்றைக்கே நானே மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறேன் என்று மடமடவென்று சொன்னேன். எதுவும் அவர் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. ஏன் பின்தங்கிவிட்டாய் என்று வரிசையிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். அவர் மறுபடியும் குனிந்து, கையில் மிச்சமிருந்த நாற்றை ஒவ்வொன்றாக நடத் தொடங்கினார். வரமாட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்கு இந்த மனுஷி உயிரையே கொடுக்கப் போகிறார் என்று தோன்றியது.

கடைசி நாற்றையும் நட்டுவிட்டு நிமிர்ந்தார். வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு நேராக என் ஸ்கூட்டரைப் பார்த்து நடந்தார்.

அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊர் எல்லையைத் தாண்டினேன். பிறகு என் தோளைப் பிடித்திருந்த கை இறுகியது.

“பச்சை எரிஞ்சா நல்லதுன்னு இன்னும் எத்தன பேருகிட்ட சொல்லிருக்க?”

மனசுக்குள் ஊர் ஊராக எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொரு பேர் என்றேன்.

“அப்ப வேகமா ஓட்டு. என்னைய அங்க விட்டுட்டு அவங்களப் போயிப் பாரு.”